இருதயக் கணக்கும் பிரஷர் சிட்டையும்

நமது சங்க இதழை வாசிக்கும் அன்பர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லி விடுகிறோம். நாம் டாக்டர் அல்ல. மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும்தான் நமது படிப்பு. கிராஞ்சியில் மளிகைக் கடை வைத்துப் பிழைத்து வருகிறோம். சிராங்கூன் சாலையிலிருந்து சரக்கு எடுத்து வருவதும், சுற்றுவட்டாரத்து விடுதிகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்களுக்கு அரிசி, பருப்பு விற்பதும், இரவில் கணக்கு எழுதுவதுமே நமது தொழில். அப்படிப்பட்ட நாம் இருதய நோயைப் பற்றிப் பாடம் எழுத வந்ததற்குக் காரணம் உண்டு. கணக்கு எழுதத் தெரிந்த எவரும் தம் இருதயத்தின் கணக்கையும் ஓரளவு எழுதி வைக்கலாம் என்பதை நாம் கற்றுக் கொண்டோம். அந்தக் கணக்கைப் பொய்யாக எழுதினால் என்ன ஆகும் என்பதையும் அனுபவத்தில் கண்டோம்.

நமது வாப்பா தமது 53ஆம் வயதில், கடையில் அரிசி மூட்டை அடுக்கிக் கொண்டிருக்கும்போதே மார்பைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் வபாத்தாகி விட்டார்கள். அவர்களுக்கு இரத்த அழுத்தம் இருந்ததா என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது. ஏனெனில் அவர்கள் ஒரு நாளாவது அளந்து பார்த்ததில்லை. உடம்பில் நோவு இல்லாதவன் டாக்டரிடம் எதற்குப் போக வேண்டும் என்பது அவர்களுடைய வாதம்.

நமக்கு 43 வயதானபோது ஒரு கிளினிக்கில் அளந்து பார்த்து, அழுத்தம் கூடுதலாக இருக்கிறது என்றார்கள். வீட்டில் ஒரு வாரம் அளந்து எழுதிக் கொண்டு வரும்படி டாக்டர் சொன்னார். மச்சான் ஒரு மெஷினும் வாங்கிக் கொடுத்தார். நாம் செய்தது என்ன தெரியுமா? முதல் முறை அளந்தால் 150க்கு மேல் காட்டும். "இன்று சரியாகத் தூங்கவில்லை, அதனால்தான்" என்று சொல்லிக் கொண்டு அதை எழுதாமல் விடுவோம். மறுபடி அளப்போம், மூன்றாம் தரமும் அளப்போம். மூன்றில் எது குறைவோ அதை மாத்திரம் நோட்டில் எழுதுவோம். சில நாட்களில் எழுதவே மாட்டோம். நோட்டைப் பார்த்த டாக்டர், "128க்கு 80. நன்றாகத்தான் இருக்கிறது. உணவில் கவனம் வையுங்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பி விடுவார். இப்படியே ஏறக்குறைய இரண்டு வருடங்கள் ஓடின.

பிறகு ஒரு நாள் அங்கிருந்த தமிழ்த் தாதி ஒருவர், "ஐயா, அடுத்த முறை மெஷினையும் கையோடு கொண்டு வாருங்கள். எங்கள் மெஷினோடு ஒத்துப் பார்க்கலாம்" என்றார். நாமும் கொண்டு போனோம். அந்த மெஷினுக்கு ஞாபக சக்தி உண்டு என்பது நமக்குத் தெரியாது. அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். 154, 148, 151 என்று பழைய கணக்கெல்லாம் வரிசையாக வெளியே வந்தது. நமது நோட்டில் இருந்ததோ 128, 126, 128. அவர் கோபிக்கவில்லை. "ஐயா, கடைக் கணக்கை இப்படி எழுதுவீர்களா?" என்று மாத்திரம் கேட்டார். கல்லாவில் ஒரு வெள்ளி குறைந்தாலும் தூங்காத நாம், நமது உயிரின் கணக்கில் இரண்டு வருடம் பொய் எழுதியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த நாணத்தில் கற்றுக் கொண்டதைக் கீழே பாடமாகத் தருகிறோம்.

இரண்டு எண்களின் பொருள்

இருதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்களில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். இருதயம் தளர்ந்து மறுபடி நிரம்பும்போது இருக்கும் அழுத்தம் கீழ் எண். இவற்றைப் பாதரசம் எத்தனை மில்லிமீட்டர் உயர்கிறது என்ற கணக்கில் சொல்கிறார்கள். கையில் பட்டை கட்டி அளக்கும் முறையை 1896ஆம் ஆண்டில் இத்தாலிய டாக்டர் ரிவா-ரோச்சி கொண்டு வந்தார். பட்டையின் கீழே குழாய் வைத்து ஓசை கேட்டு இரண்டு எண்களையும் அறியும் வழியை 1905இல் ருஷிய டாக்டர் கொரோட்காப் கண்டார். இன்று வீட்டில் இருக்கும் மெஷின் ஓசைக்குப் பதிலாகப் பட்டையில் தோன்றும் அதிர்வை வைத்து எண்களைக் கணிக்கிறது.

அழுத்தம் கூடினால் இருதயத்துக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். அழுத்தம் மிகுந்த இரத்தம் ஓயாமல் மோதுவதால் குழாயின் உட்சுவர் பழுதுபடுகிறது, அவ்விடத்தில் கொழுப்புப் படிகிறது, குழாய் குறுகுகிறது. அதே சமயத்தில், எதிர்ப்பை மீறித் தள்ள வேண்டியிருப்பதால் இருதயத்தின் தசை தடித்துக் கொண்டே போகிறது. இவையெல்லாம் பல வருடங்களாக நோவின்றி நடப்பவை. நமது வாப்பா சொன்ன வாதம் இங்கேதான் பிழையாகிறது.

வீட்டில் அளப்பது ஏன்?

கிளினிக்கில் அளப்பது ஒரு நாள் கல்லாவை எண்ணுவது போன்றது. பெருநாளுக்கு முதல் நாள் கல்லாவை எண்ணினால் கடையில் இலாபம் கொழிப்பதாகத் தோன்றும். மழை நாளில் எண்ணினால் கடையை மூடிவிடலாம் என்று தோன்றும். இரண்டும் உண்மை நிலை அல்ல.

அநேகருக்கு டாக்டரைக் கண்டதும் அழுத்தம் ஏறிவிடும். வீட்டில் சரியாக இருக்கும். வேறு சிலருக்கு இதற்கு நேர்மாறு. கிளினிக்கில் காலை வேளையில் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருக்கும். வீட்டிலும் தொழிலிலும் ஏறியிருக்கும். இந்த ஒளிந்திருக்கும் பிரஷர்தான் மிகவும் ஆபத்தானது. ஏனென்றால், "உமக்கு ஒன்றுமில்லை" என்ற பேச்சை நம்பி மனிதன் நிம்மதியாக இருந்து விடுவான்.

ஜப்பான் நாட்டில் ஒஹாசாமா என்று ஓர் ஊர் உண்டு. அவ்வூர் மக்களிடம் மெஷின்களைக் கொடுத்து வீட்டிலேயே அளக்கச் செய்து, பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். யாருக்கு உயிராபத்து நேரும் என்பதை மருத்துவ முகாமில் அளந்த எண்ணைவிட வீட்டில் அளந்த எண்ணே நன்றாக எடுத்துக் காட்டியது என்பதை 1998இல் வெளியிட்டார்கள். ஆகவே வீட்டு அளவு என்பது டாக்டர் பொழுது போகாமல் கொடுக்கும் வேலையல்ல. அது அவருடைய முக்கியமான சாட்சி. சாட்சி பொய்யானால் தீர்ப்பும் பொய்யாகும்.

அளக்கும் முறை

மேற்கையில் கட்டும் மெஷினாக இருக்கட்டும். மணிக்கட்டில் கட்டுவது எளிதாயினும் பிழை காட்டுவது அதிகம். பட்டை உங்கள் கையின் பருமனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அளவு பட்டையிலேயே அச்சிட்டிருக்கும். பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் எண் கூடுதலாகக் காட்டும். முதல் நாளில் இரண்டு கைகளிலும் அளந்து பாருங்கள். எந்தக் கையில் கூடுதலோ அந்தக் கையிலேயே பிறகு எப்போதும் அளந்து வாருங்கள். கடையில் ஒரே தராசை உபயோகிப்பது போல.

அளப்பதற்கு முன் அரை மணி நேரம் தேத்தண்ணி, காப்பி, சிகரெட் கூடாது. சுமை தூக்கக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரு பாதங்களும் தரையில் படும்படி, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். சட்டைக் கையின் மேல் கட்டாமல் வெறும் கையில் பட்டையைக் கட்டுங்கள். கையை மேசைமேல் வைத்து, பட்டை இருதயத்தின் மட்டத்துக்கு வரும்படி செய்யுங்கள். கை பத்து சென்டிமீட்டர் கீழே தொங்கினால் மேல் எண் ஏழு, எட்டு கூடிவிடும். அளக்கும்போது பேசக் கூடாது. கைத்தொலைபேசியையும் பார்க்கக் கூடாது.

ஒரு நிமிட இடைவெளி விட்டு இரண்டு முறை அளந்து, இரண்டையும் எழுதுங்கள். காலையில் பசியாறுவதற்கு முன், மருந்து சாப்பிடுபவரானால் மருந்துக்கும் முன். இரவில் படுக்கைக்குப் போகுமுன். இப்படி ஏழு நாட்கள்.

நமது கடைக்கு வரும் லாரி ஓட்டும் தம்பி ஒருவர், மூட்டைகளை இறக்கிய கையோடு நமது மெஷினில் நின்றபடியே அளந்து பார்த்தார். 162 என்று காட்டியது. முகம் வெளுத்து விட்டது. ஊரிலுள்ள உம்மாவுக்குப் போன் போட்டு அழாத குறை. அவரை உட்கார வைத்து முறையைச் சொல்லிக் கொடுத்து, மெஷினை ஒரு வாரத்துக்கு இரவலாகக் கொடுத்தோம். விடுதியில் ஒழுங்காக அளந்ததில் சராசரி 124க்கு 78 வந்தது. பிழையாக அளந்தால் நோயாளி சுகவாசியாகத் தோன்றுவான். சுகவாசி நோயாளியாகவும் தோன்றுவான். நாம் முதல் வகை. அந்தத் தம்பி இரண்டாம் வகை.

சிட்டையிலிருந்து சராசரிக்கு

ஒரு நாளைக்கு நான்கு வீதம் ஏழு நாட்களில் 28 அளவுகள் சேரும். முதல் நாளின் நான்கையும் தள்ளி விடுங்கள். புது மெஷினும் புதுப் பழக்கமும் ஆகையால் அன்றைய எண் பெரும்பாலும் கூடியிருக்கும். மீதி 24. இவற்றில் எதையும் ஒதுக்கக் கூடாது. நல்லது கெட்டது எல்லாவற்றையும் கூட்டி 24ஆல் வகுக்க வேண்டும். மேல் எண்ணுக்குத் தனியாக, கீழ் எண்ணுக்குத் தனியாக.

தாதியிடம் பிடிபட்ட பிறகு நாம் நேர்மையாக எழுதிய முதல் வாரத்தை இங்கே தருகிறோம். முதல் நாள் 156க்கு 96, அதைத் தள்ளினோம். மற்ற ஆறு நாட்களின் அன்றாடச் சராசரி மேல் எண்: 138, 142, 136, 140, 144, 140. கூட்டினால் 840, ஆறால் வகுத்தால் 140. கீழ் எண்: 86, 88, 84, 86, 90, 88. கூட்டினால் 522, ஆறால் வகுத்தால் 87. ஆகவே நமது உண்மையான அழுத்தம் 140க்கு 87.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிளினிக்கில் அளக்கும்போது 140க்கு 90 என்பது எல்லை. வீட்டுச் சராசரிக்கு எல்லை அதைவிடக் கீழே, 135க்கு 85. வீட்டில் மனம் அமைதியாக இருப்பதால் எண் சற்றுத் தாழ்ந்தே வரும். எனவே "வீட்டில் 138தானே, 140ஐத் தொடவில்லையே" என்று ஆறுதல் கொள்ளலாகாது. இரண்டு எண்களில் ஒன்று எல்லையைத் தொட்டாலும் போதும். டாக்டரைக் காண வேண்டும்.

இருதயப் பேரேடு

இப்போது பாடத்தின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். இந்தச் சராசரியைக் கொண்டு இருதய நோய் வரும் அபாயத்தை எப்படி மதிப்பிடுவது?

உலகின் பல பாகங்களில் நடந்த 61 ஆராய்ச்சிகளைச் சேர்த்து, பத்து இலட்சம் பேருடைய விவரங்களை ஆராய்ந்து 2002இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களிடம், 115க்கு 75 என்ற அளவிலிருந்து தொடங்கி, மேல் எண் ஒவ்வொரு 20 கூடும்போதும் இருதய நோயால் இறக்கும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்பதே அது. இந்தக் கணக்கை நமது பொய் நோட்டுக்குப் போட்டுப் பார்த்தோம். நாம் எழுதிக் காட்டியது 128, உண்மை 140, வித்தியாசம் 12. இருபதுக்கு இரு மடங்கு என்றால் பன்னிரண்டுக்குச் சுமார் ஒன்றரை மடங்கு. அதாவது டாக்டரிடமிருந்து அபாயத்தின் மூன்றில் ஒரு பங்கை நாம் ஒளித்து வைத்திருந்தோம்.

ஆனால் ஒன்றரை மடங்கு என்று மாத்திரம் சொன்னால் பாடம் முடியாது. எதில் ஒன்றரை மடங்கு என்று கேட்க வேண்டும். பேச்சுக்கு, ஒருவருடைய நிலையில் உள்ள நூறு பேரில் பத்து வருடத்தில் நான்கு பேருக்கு நோய் வருமானால், ஒன்றரை மடங்கு ஆறு பேர். வேறொருவருடைய நிலையில் உள்ள நூறு பேரில் பதினாறு பேருக்கு வருமானால், ஒன்றரை மடங்கு இருபத்து நான்கு பேர். மடங்கு ஒன்றுதான், நஷ்டம் ஒன்றல்ல. ஒரே பிரஷர் உள்ள இருவரில் ஒருவருக்கு மருந்து கொடுத்து மற்றவருக்குக் கொடுக்காமல் டாக்டர் அனுப்புவதற்கு இதுவே காரணம். பிரஷர் பேரேட்டில் ஒரு பக்கம்தான். எல்லாப் பக்கங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஐந்தொகை போட முடியும்.

மற்றப் பக்கங்கள் எவை என்பதை முதலில் ஒழுங்காகக் கண்டறிந்தது அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரேமிங்ஹம் என்ற ஊரில். 1948இல் தொடங்கி அவ்வூரின் 5,209 ஆண் பெண்களை ஆயுள் முழுவதும் கவனித்தார்கள். அதிலிருந்து பிறந்த கணக்கைச் சிங்கப்பூர் மக்களுக்கு ஏற்றபடி திருத்தி இங்குள்ள டாக்டர்கள் உபயோகிக்கிறார்கள். 2023இல் அது புதுப்பிக்கப்பட்டது. அதில் கேட்கப்படுபவை: வயது, ஆணா பெண்ணா, எந்த இனம், மொத்தக் கொலஸ்ட்ரால், நல்ல கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம், பிரஷரின் மேல் எண், பிரஷருக்கு மருந்து உண்கிறாரா என்பது. இவற்றைக் கொண்டு வரும் பத்து வருடத்தில் நூற்றுக்கு எத்தனை என்று சொல்கிறார்கள். முன்பே இருதய நோய் கண்டவருக்கு இந்தக் கணக்கு இல்லை; அவர் ஏற்கெனவே அபாயத்தில் இருப்பவர். நீரிழிவும் சிறுநீரக நோயும் உள்ளவர்களை டாக்டர் வேறு விதமாக எடைபோடுவார். தகப்பனாரோ சகோதரரோ 55 வயதுக்குள், தாயாரோ சகோதரியோ 65 வயதுக்குள் இருதய நோய் கண்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். நமது வாப்பாவின் 53 வயது என்ற எண்ணை நாம் இரண்டு வருடம் டாக்டரிடம் சொல்லவேயில்லை. கேட்கவில்லை என்பதால் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இனத்தை ஏன் கேட்கிறார்கள் என்று சிலர் மனம் சுளிக்கலாம். இதற்குச் சிங்கப்பூரிலேயே பழைய வரலாறு உண்டு. டாக்டர் தம்பு ஜான் தனராஜ் என்னும் தமிழரும் அவருடைய கூட்டாளிகளும், 1950 முதல் 1954 வரை இங்கே நடந்த பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து 1959இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இருதயக் குழாய் நோய் சீனர்களைவிட இந்தியர்களிடம் பல மடங்கு அதிகமாக இருந்ததை அது எடுத்துக் காட்டியது. அவரே பின்னர் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவின் முதல் தலைவரானார். கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2004இல் வெளிவந்தது. அந்த விவரங்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டதில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53 என்றும், மற்ற நாட்டாருக்கு ஏறக்குறைய 59 என்றும் தெரிய வந்தது. அந்த 53ஐப் படித்தபோது நமக்கு ஏற்பட்ட உணர்ச்சியை எழுத வேண்டியதில்லை.

ஆயினும் அதே ஆராய்ச்சியில் ஆறுதலும் இருக்கிறது. புகை, கெட்ட கொழுப்பு, பிரஷர், நீரிழிவு, தொந்தி, மனக்கவலை, காய்கனிக் குறைவு, உடலுழைப்புக் குறைவு, மது ஆகிய ஒன்பதும் சேர்ந்தே உலகெங்கும் பத்தில் ஒன்பது பங்கு மாரடைப்பு அபாயத்தோடு தொடர்புடையவையாக இருந்தன. இவற்றில் பெரும்பாலானவை மனிதன் கையில் உள்ளவை. இனத்தை மாற்ற முடியாது, தகப்பனை மாற்ற முடியாது, மற்றதை மாற்றலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கைத்தொலைபேசியில் இந்த அபாயக் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கும் சகோதரர்கள் இருக்கிறார்கள். பார்ப்பதில் தவறில்லை. ஆனால் இந்தக் கணக்குகள் கிளினிக்கில் அளந்த எண்ணை வைத்து உண்டாக்கப்பட்டவை. சற்றுத் தாழ்ந்து வரும் வீட்டு எண்ணை அதில் போட்டால் அபாயமும் சற்றுக் குறைவாகத் தெரியும். ஆகவே வீட்டுச் சராசரியை டாக்டரிடம் கொடுத்து, "இது வீட்டில் எடுத்தது" என்று சொல்லி, கணக்கை அவரைப் போடச் சொல்லுங்கள். மேலும், நூற்றுக்குப் பத்து என்று வந்தால், அந்தப் பத்தில் நாம் ஒருவரா, மீதித் தொண்ணூற்றில் ஒருவரா என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது. அது ஜோசியம் அல்ல, முன்னெச்சரிக்கைக்கான மதிப்பீடு.

சிட்டை எழுதிய பிறகு

உப்பில் முதலில் கை வைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்பு, அதாவது 2,000 மில்லிகிராம் சோடியம். சிங்கப்பூரில் 2022இல் எடுத்த கணக்கின்படி சராசரி ஆள் உண்டது 3,620 மில்லிகிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சோயா சாறு, பொட்டல மசாலா, சால்னா இவற்றிலெல்லாம் உப்பு ஒளிந்திருக்கிறது. இவையெல்லாம் நமது கடையில் நாமே விற்கும் சரக்குகள். விற்பவனே குறை சொல்லலாமா என்று கேட்பீர்கள். வாடிக்கைக்காரர் நீண்ட நாள் இருந்தால்தானே வியாபாரம்! பொட்டாசியம் கலந்த சோடியம் குறைந்த உப்பும் இப்போது கடைகளில் கிடைக்கிறது. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களும், சில பிரஷர் மருந்துகளை உண்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

மருந்து எழுதிக் கொடுத்தால் அஞ்ச வேண்டாம். பல ஆராய்ச்சிகளில் மூன்று இலட்சத்து நாற்பதாயிரம் பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்து 2021இல் வெளியிட்டதில், மேல் எண்ணை ஐந்து குறைத்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நோய்கள் பத்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று கண்டார்கள். எண் இறங்கிவிட்டது என்று மருந்தைத் தாமாக நிறுத்துவது பெரும்பிழை. இறங்கியது மருந்தினால்தான். ரமலான் மாதத்தில் மருந்து வேளையை மாற்ற வேண்டியிருந்தால் நோன்புக்குச் சில வாரம் முன்பே டாக்டரைக் கண்டு கேளுங்கள், நாமாக மாற்றலாகாது.

நாடித் துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களுக்கு வீட்டு மெஷின் சில சமயம் பிழை காட்டும்; அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். எண் 180க்கு 120ஐத் தாண்டினால் பதறாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி அளவுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றே டாக்டரைக் காணுங்கள். மார்பு வலி, மூச்சு முட்டல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று இருந்தால் மெஷினைத் தேட வேண்டாம். உடனே 995க்கு அழையுங்கள். அந்நேரத்தில் பிரஷர் சரியாக இருப்பதால் மாத்திரம் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது.

சிங்கப்பூரில் 2021, 2022ஆம் ஆண்டுகளில் எடுத்த சுகாதாரக் கணக்கில், 18 முதல் 74 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 37 பேருக்கு இரத்த அழுத்தம் இருந்தது. நாற்பது வயதைத் தாண்டிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரே குடும்ப டாக்டரிடம் பதிந்து கொள்ள 2023 ஜூலை முதல் அரசாங்கம் வழி செய்திருக்கிறது. விடுதியில் தங்கும் வேலை அனுமதித் தொழிலாளர்களுக்கு 2022 ஏப்ரல் முதல் முதலாளிமார் அடிப்படை மருத்துவத் திட்டம் வாங்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே, போக இடமில்லை என்று சொல்ல நம்மில் பலருக்கும் நியாயமில்லை.

நமது நிலையையும் சொல்லி முடிக்கிறோம். நோட்டின் உண்மையைக் கண்ட டாக்டர், கொலஸ்ட்ராலையும் வாப்பாவின் கதையையும் சேர்த்துப் பார்த்து மருந்து தொடங்கினார். இப்போது நமக்கு வயது 46. சென்ற மாதத்து ஏழு நாள் சராசரி 127க்கு 79. அதே 128க்கு அருகில்தான். அன்று எழுதியது பொய்; இன்று எழுதுவது மெய். அந்த இரண்டு வருடத்தில் குழாய்களுக்கு நேர்ந்த பழுது எவ்வளவு என்பது நமக்குத் தெரியாது. அது நாமே வாங்கிய கடன்.

வீட்டில் மெஷின் வைத்திருக்கும் சகோதரர்களும் சகோதரிகளும் இன்றிரவே ஒரு நோட்டை எடுத்து முதல் வரியை எழுதுங்கள். எந்த எண் வந்தாலும் வந்தபடியே எழுதுங்கள். மெஷின் இல்லாதவர்கள் கிராஞ்சிப் பக்கம் வந்தால் நமது கடையில் ஒன்று இருக்கிறது. மூட்டை தூக்கிய கையோடு மாத்திரம் வர வேண்டாம். ஐந்து நிமிடம் உட்கார நாற்காலி போட்டிருக்கிறோம்.